இருபத்து மூன்றாவது நகர்த்தல்

எங்கள் அண்ணன் இரத்தோட்டையில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுத் தபால் கந்தோரில் சேர்ந்தார். கலேவெல, தம்புள்ளை என இடமாற்றம் வந்த இடமெல்லாம் போய், என்னைப் படிக்க வைத்தார்.

அவர் மறைந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரான இதற்கு அவருடைய நற்குணங்களை எழுதுமாறு அண்ணி கேட்டார். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒன்றை மறைத்துவிட்டு மற்றவற்றை எழுத முடியவில்லை.

ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பின் நாங்கள் செஸ் ஆடுவோம். ஒவ்வொரு நகர்த்தலையும், கட்டத்தின் எழுத்தும் எண்ணுமாக, நான் கொப்பியில் குறிப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, இருபத்து மூன்றாவது நகர்த்தலில் என் ராணியை அண்ணனின் குதிரைக்கு நேரே வைத்தேன். அவர் வெட்டினார். வெட்கத்தில், ராணி வேறு கட்டத்துக்குப் போனதாகக் கொப்பியில் மாற்றினேன். குதிரை வெட்டியது முதலான மீதியை மறுநாள் திருத்தலாம் என்று மூடினேன்.

மறுநாள் காலை இராணுவச் சுற்றிவளைப்பு. கொப்பியைப் புரட்டியவர்கள் அதைச் சங்கேதம் என்று நினைத்தார்கள்.

"யாருடையது?"

நான் வாய் திறக்குமுன் அண்ணன் சிங்களத்தில், "என்னுடையது ஐயா, செஸ்" என்றார். என்னிடம், "தம்பி, நீ வேலைக்குப் போ. லேட்டாகுது" என்றார். அவரைக் கொப்பியோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

செஸ் தெரிந்த ஓர் அதிகாரி பலகை வைத்து, கொப்பியிலுள்ள ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தாராம். அந்த ஒன்று மட்டும் பொருந்தவில்லை. "அங்கே இல்லாத ராணியைக் குதிரை எப்படி வெட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

பதினொரு நாள். என் நாட்குறிப்பில் தினமும் ஒரே வரி: முகாம் வாசல்வரை போனேன், திரும்பினேன்.

கடைசியில் அண்ணன் அந்த ஆட்டத்தை நினைவிலிருந்தே ஆடிக் காட்டி, "நான்தான் பிழையாக எழுதினேன்" என்றிருக்கிறார். கொப்பியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என்னைத் தனியே அழைத்தார். "தோத்தா தோத்தேன்னு எழுதுடா. அடி எனக்கில்ல விழுது!" என்று சிரித்தார். பிறகு அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி மாதங்களில் அவருடைய மகன் அவருக்குக் கணினியில் செஸ் போட்டுக் கொடுத்தார். சுடுவதும் ஓட்டுவதுமான விளையாட்டுகளை விட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளும் கட்டிலருகே அதற்கே சண்டை பிடித்தார்கள்.

"தம்பி, இந்தப் பொட்டிகிட்ட உன் பருப்பு வேகாது. குதிரைய தப்பா வச்சா, திருப்பிக் கொண்டுபோய் வச்சிருது!" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிழை என்னுடையது என்று அன்றே எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். வெளியே போய்விட்டேன்.

நோயில் துணைநின்ற மருத்துவருக்கும், சோறு சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், பெயர் தெரியாத அந்த அதிகாரியின் பொறுமைக்கும் எங்கள் நன்றி.

அண்ணி, பதினொரு நாளும் நீங்கள் அந்த வாசலில் நின்றது என் கொப்பியால். மன்னியுங்கள்.

இன்று காலை அதைத் திருத்தினேன். இருபத்து மூன்று: ராணியைக் குதிரைக்குக் கொடுத்தேன். தோற்றேன்.

– தம்பி