கரையான் படித்து முடித்த அத்தியாயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் என்றால் பரவாயில்லை, அவன் செய்கிற காரியம் அவன் வீட்டோடு போய்விடும். நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிற முட்டாள். என் முட்டாள்தனத்துக்கு மாநிலம் முழுக்கக் கிளைகள் இருந்தன.

எப்படி என்று புரிய எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் நூலகமும் இன்னும் பல ஊர்ப் பல்கலைக்கழக நூலகங்களும் சேர்ந்து கணினியில் ஒரே பொதுக் கேட்டலாக் வைத்திருக்கிறோம். ஒரு புத்தகம் எத்தனை ஊரில் இருந்தாலும் அதைப் பற்றி ஒருவர் எழுதினால் போதும். மற்றவர்கள் அதன் கீழே ‘எங்களிடமும் உண்டு’ என்று சேர்ந்துகொள்வார்கள். ஒருவரிடம் இல்லாததை இன்னொருவரிடம் கேட்டு வாங்கலாம். புத்தகமாகவே வரும், அல்லது வேண்டிய பக்கங்கள் ஸ்கேனாக வரும். வாய்க்கால் மாதிரிதான். மேலே ஒருவன் மடையைத் திறந்தால் கீழே இருக்கிற வயலெல்லாம் நனையும். மேலே ஒருவன் கலக்கிவிட்டால் கீழே எல்லாருக்கும் கலங்கல்தான்.

கலக்கியவன் நான்.

கேட்டலாக் பதிவில் இரண்டு பகுதி உண்டு. மேல்பகுதி எல்லாருக்கும் பொது: தலைப்பு, ஆசிரியர், பக்கம். கீழ்ப்பகுதி அவரவர் கையில் இருக்கும் பிரதிக்கு: எந்த அலமாரி, அட்டை இருக்கிறதா, கிழிந்ததா. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில், பழைய ஆய்வறிக்கை ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை ஊர்களின் பாசனம் பற்றியது. எங்கள் பிரதியில் கடைசி அத்தியாயத்தைக் கரையான் அரித்துப் பொடியாக்கியிருந்தது. ‘பின்பகுதி சேதம்’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் நான் மனிதன். எனக்குத்தான் வாயும் சும்மா இருக்காது, விரலும் சும்மா இருக்காதே. ‘கடைசி அத்தியாயத்தைக் கரையான் படித்து முடித்துவிட்டது’ என்று தட்டினேன். நானே சிரித்துக்கொண்டேன். சிரித்த சிரிப்பில், கீழ்ப்பகுதியில் தட்ட வேண்டியதை மேல்பகுதியில் தட்டியிருக்கிறேன் என்பது கண்ணில் படவில்லை.

அதே அறிக்கை வைத்திருந்த நூலகங்கள் ஒவ்வொன்றாக வந்து அந்தப் பதிவின் கீழே சேர்ந்துகொண்டன. ஒருவரும் தங்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. நாங்கள் அப்படித்தான். புத்தகம் ஒன்று சொல்லித் திரை வேறொன்று சொன்னால் திரை பக்கம்தான் நிற்போம். ஒரு பயிற்சி வகுப்பில் என் பதிவையே திரையில் போட்டு, “புத்தகத்தின் நிலையை எவ்வளவு கவனமாகக் குறித்திருக்கிறார் பாருங்கள்” என்றார்கள். நான் தலையைக் குனிந்து அடக்கத்தோடு இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தப் பெண் வந்தார். எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர். கடலோரத்து ஊர், அப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. வேளாங்கண்ணி பஸ்ஸில் பாதித் தூரம் நின்றுகொண்டே வந்து சேருவார். கடைமடைக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவருடைய ஆய்வு. ஊர் ஊராகப் போய், வாளி வாளியாக இறைத்து அளந்துவிட்டார். இதற்கு முன் யாரும் இதை அளக்கவில்லை என்று முன்னுரையும் எழுதிவிட்டார். அப்போதுதான் எங்கள் அறிக்கையின் உள்ளடக்கப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. கடைசி அத்தியாயத்தின் தலைப்பு: கடைமடைக் கிணறுகளில் உப்பு.

“அந்த அத்தியாயத்தைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு கைடு சொல்லிட்டார் சார். வருஷக் கடைசிக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கணும். இதுதான் கடைசி நீட்டிப்பு.”

“கவலையே படாதீங்கம்மா. இதுக்குத்தானே பொதுக் கேட்டலாக் வச்சிருக்கோம்” என்று எல்லா நூலகத்துக்கும் நானே கோரிக்கை அனுப்பினேன். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்; ‘கரையான் சேதம், வருந்துகிறோம்’ என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். நானும் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து வருந்தினேன். வருந்தியதோடு விட்டேனா? “அந்தக் காலத்துல பைண்டிங்குக்கு மைதாப் பசை போடுவாங்கம்மா. கரையானுக்கு அது அல்வா மாதிரி” என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் நம்பி, பஸ் ஏறிப் போய்விட்டார்.

குறுவை அறுப்பு நேரத்தில் மறுபடியும் வந்தார். முகம் வாடியிருந்தது, துப்பட்டாவில் வைக்கோல் தூசி. பையைக் கீழே வைத்தார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.”

“எல்லா ஊர்க் கரையானும் ஒரே அத்தியாயத்தைத்தான் தின்னுமா?”

“அதான் சொன்னேனேம்மா, அந்த மைதாப் பசை…”

“பசை முதல் அத்தியாயத்துலயும் இருக்குமே சார்.”

அவர் செல்போனை என் பக்கம் திருப்பினார். “எந்த நூலகத்தைத் தட்டினாலும் மேலே இதே வரிதான் வருது. படித்து முடித்துவிட்டதுன்னு. இதை யார் எழுதினதுன்னு தெரியுமா சார்?”

பார்த்தேன். அந்த வரியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அது கீழ்ப்பகுதியில் இல்லாமல் மேல்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உடனே போனை எடுத்தேன். மேற்கே மலையடிவாரத்துப் பல்கலைக்கழக நூலகர் எனக்குக் கூட்டங்களில் பழக்கம்; அந்தப் பயிற்சி வகுப்பிலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். அன்றைக்கும் ஸ்பீக்கர்.

“அண்ணே, அந்தக் கடைமடை அறிக்கை உங்ககிட்ட இருக்குல்ல, அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க.”

“அதைத்தான் கரையான் தின்னுடுச்சேய்யா. கேட்டலாக்லயே போட்டிருக்கே.”

“ஒரு தடவை கண்ணால பாருங்கண்ணே. கால்ல விழறேன்.”

முனகிக்கொண்டே போனார். செருப்புச் சத்தம் தேய்ந்தது, பீரோ கிறீச்சிட்டது. இந்தப் பெண் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, இந்த முறை வேகமாக.

“யோவ், புத்தகம் புதுப்பொண்ணு மாதிரி இருக்குய்யா! கடைசிப் பக்கம் வரைக்கும் இருக்கு. இந்தக் கண்றாவி வரியைப் படிச்சுட்டு நான் அந்த வரிசை முழுக்க மருந்து அடிக்க வச்சேன், ஒரு வாரம் அந்தப் பக்கமே போக முடியல, இருமல். எந்தப் படுபாவி எழுதினான்?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

“நான்தாண்ணே” என்றேன், இருவருக்கும் பொதுவாக.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. என் அறை வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். “வடை தின்னியே, அந்தப் பதிவா?” என்றார். “சரி விடு, மத்தியானத்துக்குள்ள ஸ்கேன் அனுப்பறேன். இதுலயாவது ஏதாவது எழுதி வைக்காம அந்தப் பொண்ணுகிட்டக் கொடு.”

அனுப்பினார். அச்சு எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் படிக்க ஆரம்பித்தார். நான் என் இடத்துக்குப் போய் அந்த வரியை மேலிருந்து அழித்தேன். கீழே, எங்கள் பிரதிக்கு நேராக, ‘பின்பகுதி சேதம்’ என்று நல்ல பிள்ளையாக எழுதினேன். மற்ற நூலகங்களுக்கு மன்னிப்பு மெயில் போட்டேன். மனம் நிற்கவில்லை. காப்பி வாங்கி வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். “டிகிரி காப்பிம்மா” என்றேன். தலை நிமிரவில்லை. பக்கத்து அலமாரியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த அலமாரி அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததில்லை.

கடைசிப் பக்கம் முடிந்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்க் கைடிடம் போனில் பேசினார். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“அளந்திருக்காங்க சார். நான் அளந்த அதே கிணறுங்க. எங்க தெருக் கிணறுகூட இருக்கு.”

“ஐயையோ. அப்ப உங்க வேலையெல்லாம்…”

“முன்னாடி யாரும் அளக்கலைன்னு எழுதினதை அடிச்சாச்சு. கைடு திட்டுவார்னு நெனச்சேன். அவர் குதிக்கிறார் சார். அன்னிக்கு எவ்வளவு உப்பு, இன்னிக்கு எவ்வளவு உப்பு, பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு அத்தியாயம் எழுதுங்க, இதுதான் ஆய்வேட்டுக்கே முதுகெலும்புங்கிறார். வருஷக் கடைசிக்குள்ள முடிச்சுடலாமாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் நூலகத்துக்கு அவர் வந்து போன நாள்களில் அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். எனக்கும் உயிர் வந்தது. உயிர் வந்தால் எனக்கு வாயும் கூடவே வந்துவிடும்.

“அப்படிப் பார்த்தா நான் பண்ணின தப்பும் ஒருவகையில உங்களுக்கு நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு, இல்லையாம்மா?”

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“இல்லைங்க சார்.”