பூட்டிய கழிவறையும் ஸ்டெல்லா டீச்சரும்

ஸ்டெல்லா டீச்சரைக் கொன்றது எங்கள் பள்ளியின் கழிவறைப் பூட்டு. சான்றிதழில் சிறுநீரகம் என்றுதான் எழுதுவார்கள். செவ்வாய்க்கிழமை முதல் பீரியடில், கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க மேடம்." நான் ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். மீதிப் பெயர்களையும் வாசித்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு எங்கள் பள்ளிக் கழிவறைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பழைய கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. டைல்ஸ் ஒட்டிய புதியது, அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் திறக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்தார்.

"புதுசா நீ? சாயங்காலம் வூட்ல போய்க் குடிம்மா. இங்க குடிச்சிட்டு எங்க போவ, பீச்சுக்கா?"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதே யோசனையைத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர் சொல்லிவந்தார், அக்கறையோடு. ஒரு நாள் காலை பிரேயரில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். அவள் அம்மா மீன் கூடையை கேட்டில் இறக்கிவிட்டு ஓடிவந்தார்.

"யாருடி உன்னத் தண்ணி குடிக்க வாணாம்னது?"

"டீச்சர்தாம்மா."

அந்த அம்மா திரும்பினார். "நீ குடிப்பியா டீச்சர்?"

"நானும் குடிக்கிறதில்லம்மா."

"நல்லா கீது உங்க பள்ளிக்கூடம்."

அன்று டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. "இத்தினி வருசமா தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்" என்றார்.

மறுநாளே தலைமையாசிரியரிடம் போனார். "தொறந்தா ரெண்டு நாள்ல நாறிடும் மேடம். கழுவ ஆள் இல்ல. இன்ஸ்பெக்ஷன்ல என்னத்தக் காட்டுறது?" என்றார் அவர். "அப்ப, பாக்க வர்றவங்களுக்குத்தான் கட்டுனீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வந்து டீச்சர் மனு எழுதினார். பதினெட்டு பேர் இருந்த ஸ்டாஃப் ரூமில் ஒரே கையெழுத்து விழுந்தது, அவருடையது. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அதைச் சொன்னேன். "பரவால்லம்மா" என்றார். இன்றும் அந்தப் 'பரவால்ல' தாங்க முடியவில்லை.

அதற்குள் அவருக்கு முகம் வீங்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். "ஸ்கூல் நாளா, லீவு நாளா டாக்டர்?" என்றாராம். டயாலிசிஸ் படுக்கையில் இதைச் சொல்லி அவரே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த மனுவின் நகல் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை அதில் கையெழுத்துப் போட்டேன். வெட்கம் கெட்ட கையெழுத்து.

நேற்று இரங்கல் கூட்டம். டீச்சர் பெயரில் கணக்குக்கு ஒரு பரிசு வைக்கலாம் என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் மனுவோடு முன்னால் போனேன்.

"பரிசு வாணாம் சார். அந்தக் கதவத் தொறங்க. இப்பவே, இவங்க முன்னாடியே தொறங்க."

அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா நில்லுங்க" என்றார்.