மகள் போட்ட தாளம்

"சொல்றது ஈஸிம்மா. நீங்க பாடிக் காட்டுங்க, பார்ப்போம்" என்று என் மகள் சொன்னபோது, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரல் போகும் ரயிலில் அந்தப் பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் பாட்டு வகுப்பு. அதே நேரத்தில் பள்ளியில் பேட்மிண்டன் பயிற்சி. பாட்டை விட்டுவிடுகிறேன் என்று வாராவாரம் நச்சரித்தாள். நானும் விடாக்கண்டியாக இழுத்துக்கொண்டு போனேன். "நல்ல குரலை வெச்சுக்கிட்டு சாதகம் பண்றதுக்கு என்ன நோவு உனக்கு?" என்று அன்று நான் கத்தியதற்குத்தான் அந்தப் பதில்.

நானும் அதே வகுப்பில்தான் இருந்தேன். இவளை விட்டுவிட்டு வெளியே போனைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னை, "சும்மாதானே இருக்கீங்க, உள்ள வாங்கக்கா" என்று டீச்சர் உட்கார வைத்துவிட்டார். டீச்சர் என்னைவிட மிகவும் இளையவர். பிள்ளைகளெல்லாம் கீதத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் முதல் பாடமான சரளி வரிசையிலேயே குடியிருந்தேன்.

கோளாறு என் கையில். ஆதி தாளத்துக்குத் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரலிலிருந்து மூன்று விரல், அப்புறம் தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி, மொத்தம் எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வாய்தான் வேகமெடுக்க வேண்டும். கை அதே நிதானத்தில் போக வேண்டும். என் கைக்கு அந்தப் புத்தி கிடையாது. வாய் ஓடினால் கூடவே ஓடும். கொஞ்ச தூரத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் மகள் பந்தயம் கட்டினாள். "இன்னிக்கு எல்லாரும் தனியா பாடணும். நீங்க மூணு காலமும் நிக்காம பாடிட்டா, நான் மறுபேச்சு பேசாம கிளாசுக்கு வரேன். நின்னுட்டீங்கன்னா பேட்மிண்டன். ஓகேவா?"

"ஓகே" என்றேன், வீம்புக்கு. ரயிலை விட்டு இறங்கும்போதே சரளி வரிசையை முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

வகுப்பு கடைவீட்டின் மாடியில். என் முறை வரும்வரை எனக்கு எதுவும் காதில் விழவில்லை. டீச்சர் கூப்பிட்டதும் நடுவில் போய் உட்கார்ந்தேன். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தொடையில் கை வைத்தேன். பாடத் தொடங்கும் முன்பே அது தட்ட ஆரம்பித்துவிட்டது.

டீச்சர் பார்த்துவிட்டார். "அக்கா, உங்க கைதான் உங்களைக் கெடுக்குது. இன்னிக்கு நீங்க தாளம் போட வேணாம்" என்றவர், என் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பா, நீ வந்து அம்மாவுக்குத் தாளம் போடு."

பந்தயத்தைப் பற்றி டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அவளைக் கூப்பிட்டிருப்பாரா?

மகள் எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் காலத்தில் அவள் கையைத் துளி வேகமாகத் தட்டினால் போதும், நான் விழுந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. டீச்சர்கூட என் வழக்கமான கூத்து என்றுதான் நினைப்பார். அது அவளுக்கும் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை. பெற்ற மகளைக் கண்டு நான் பயந்தது அன்றுதான்.

முதல் காலம் போயிற்று. இரண்டாம் காலமும் போயிற்று. நான் அவள் உள்ளங்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் காலம் எடுத்த உடனேயே வாய் ஓட ஆரம்பித்தது. தெரிகிறது, பிடிக்க முடியவில்லை. ஸ்வரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. அவள் கை என்னோடு வரவில்லை. வந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஓடி நான் கவிழ்ந்திருப்பேன். அது தன் நிதானத்திலேயே போனது. மூச்சு முட்டி, நிறுத்திவிடலாம் என்று என் வாய் மூடப் போன சமயத்தில், தன் தொடையில் பளீரென்று ஓர் அடி அடித்தாள். அடுத்த தட்டும் அப்படியே. கண்ணை விரித்து, தலையை மெல்ல ஆட்டினாள். நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். கடைசி 'ச'வும் அவள் தட்டும் ஒன்றாக விழுந்தன.

"அப்பாடா!" என்றார் டீச்சர். பிள்ளைகள் கை தட்டினார்கள். மகள் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். சுபாங் ஜெயா தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன்டி, கொஞ்சம் வேகமா தட்டியிருந்தா நீ ஜெயிச்சிருப்பல்ல?"

திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம்தான். "தாளத்தை எப்படிம்மா மாத்துறது? நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்களே!"

பிறகு, "அடுத்த வாரம் வரேன். சொன்னா சொன்னதுதான்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. என்னைக் கவிழ்க்க எல்லா வசதியும் இருந்தும் காப்பாற்றிய பிள்ளையை, அதற்கே தண்டனையாக எப்படி இழுத்துக்கொண்டு போவது?

"வேணாம். நீ பேட்மிண்டனுக்குப் போ" என்றேன்.

"நெஜமாவா? அப்ப நீங்க?"

"நான் கிளாசுக்குப் போவேன்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "அப்ப உங்களுக்கு யாரும்மா தாளம் போடுவா?"

"நானேதான்."

"உங்க கை ஓடும்மா" என்றாள். என் வலது கையை எடுத்துத் தன் தொடையில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தி, கிள்ளான் வரும்வரை தட்டிக்கொண்டே வந்தாள்.