ஜெசிந்தா கேட்டது தையல் மெஷின் அல்ல

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் நிறைந்த ஒரு கூட்டத்தில் என் தங்கை கைகளால் சொன்னது ஒன்று; நான் வாயால் சொன்னது வேறொன்று. அவளுக்குக் காது கேட்காது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சைகை தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான்... அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

வாய் தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். தவறவில்லை. தெரிந்தே சொன்னேன். காரணம் பொறாமை. இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தியின் மேல் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த பொறாமை.

என் பெயர் சகாயமேரி. திண்டுக்கல்லில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஜெசிந்தா என்னைவிட ஆறு வயது இளையவள். பிறவியிலேயே காது கேளாதவள். இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. மேட்டுப்பட்டியில் அப்பா விட்டுச்சென்ற வீட்டில் இருக்கிறோம். ரேஷன் கடை, வங்கி, டாக்டர் என்று எங்கே போனாலும் அவளுக்காகப் பேசியவள் நான். சகாயம் மட்டும் இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று தெருவே பேசும். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பூசை முடிந்ததும், மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் காது கேளாத பெண்கள் பதினான்கு பேர் கூடுவார்கள். டவுனிலிருந்தும் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருவார்கள். எல்லா மதத்தவரும் உண்டு. ஜெசிந்தா அவர்களுக்குத் தலைவி. நான் அவர்களின் வாய். நிவேதா வரும்வரை அப்படித்தான் இருந்தது.

நிவேதா கன்னிவாடிப் பெண். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. பேசக் கற்பதற்கு முன்பே சைகை கற்றவள். பின்னால் முறையான பயிற்சியும் பெற்றவள். என் சைகை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையினுடையது. அவளுடையதோ... அவள் விரல்கள் அசைந்தால் புருவமும் தோளும் சேர்ந்து பேசும். வந்த முதல் ஞாயிறே ஏதோ ஒரு கதை சொன்னாள். பதினான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெசிந்தா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குப் புரியவில்லை. அவள் தோளைத் தொட்டு என்னவென்று கேட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்று கை காட்டினாள்.

அப்புறம் சொல்கிறேன்! கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் நாற்பது ஆண்டுகளாக நான் அவளுக்குச் சொல்லிவந்த பதில் அது. அது எப்படி வலிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்தவுடன் வெட்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அந்தப் பெண்ணின் மேல் எரிச்சல்தான் வந்தது.

அதன்பின் எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்கினேன். ஜெசிந்தா செல்போனில் வீடியோவில் அவளோடு பேசும் நேரம். என்னிடம் பேசும் நேரம். ஞாயிறு காலையில் அவள் தலை வாரிக்கொள்ளும் அவசரம். என்னோடு சந்தைக்குப் போகும்போது இல்லாத அவசரம்...

ஒருநாள் மாலை நிவேதா வீட்டுக்கு வந்தாள். ஜெசிந்தா காபி போட உள்ளே போயிருந்தாள். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பத்து நிமிஷம் கேட்டுட்டு ரெண்டு சைகையில முடிச்சிருவீங்களாம். அப்பா கடைசியா என்ன பேசுனாருன்னு ஜெசிந்தாக்காவுக்கு இன்ன வரைக்கும் முழுசாத் தெரியாதாம். ஒரு நாளைக்குச் சித்த நேரம் உக்காந்து சொல்லுங்களேன்."

அவள் குரலில் துளி விஷமம் இல்லை. சொன்னதும் உண்மை. சாவதற்கு முன்பு அப்பா அரை மணி நேரம் பேசினார். பாதிக்கு மேல் ஜெசிந்தாவைப் பற்றியே பேசினார். நான் அவளிடம் சொன்னது, அப்பா உன்னை ஆசீர்வதித்தார் என்ற ஒன்றைத்தான். களைப்பாக இருந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். களைப்பு மட்டும்தானா? அவர் என்னைப் பற்றி அவ்வளவு பேசவில்லை என்பதும் காரணமா...?

அன்றைக்காவது உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னிடம் கேட்காமல் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே என்ற ஒன்றுதான் நெஞ்சில் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சியிலிருந்து அழைப்பு வந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் யாரும் விடுபடாதபடி நகரத்தில் என்ன செய்யலாம் என்று பார்த்து, அந்தந்தச் சங்கங்களுக்கு நிதி உதவி தரப்போகிறார்கள். எதற்கு முதலிடம், எதற்கு அடுத்த இடம் என்று முன்னுரிமைப் பட்டியல் போட வேண்டும். அதற்காக ஒவ்வொரு தரப்பும் வந்து தனக்கு மிகத் தேவையான ஒன்றை, ஒன்றே ஒன்றை, சொல்ல வேண்டும்.

ஞாயிறு ஹாலில் அதைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு பேர் தையல் மெஷின் கேட்கலாம் என்றார்கள். அப்போது பஞ்சவர்ணம் எழுந்தாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் செவ்வந்திப்பூ பயிரிட்டிருக்கும் வீட்டு மருமகள்; முப்பது வயதிருக்கும். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே இறந்துபோனது. அதை அவளுக்குப் புரியும்படி சொல்ல ஒருவரும் இல்லை. வேறு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு நாள் பாலைத் துணியில் ஒற்றியபடி காத்திருந்திருக்கிறாள். அதைக் கைகளால் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தையல் மெஷின் கேட்டவர்களே அதை விட்டுவிட்டார்கள். மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் கூட வந்து பேசுவதற்கு, சம்பளத்துக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் எங்கள் ஒரே கோரிக்கை என்று முடிவானது. அந்த வேலைக்கு நிவேதா என்று ஜெசிந்தா சொன்னாள். பதினான்கு ஜோடிக் கைகளும் மேலே எழும்பி விரல்கள் ஆடின. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

நான் மூலையில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் சம்பளமில்லாமல் பேசியவளை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் நடந்த அன்று நிவேதாவுக்கு மதுரையில் பரீட்சை. எங்களுக்காக நீ பேசு என்று ஜெசிந்தா என்னிடம் கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தாள்.

அங்கே சக்கர நாற்காலியில் வந்தவர் பேருந்து நிலையத்துக்குச் சாய்தளம் கேட்டார். திருநங்கைகள், தங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்று ஒரு விடுதி கேட்டார்கள். தூய்மைப் பணியாளர் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை கேட்டார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர், ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வியாவது கேட்டுத்தான் எழுதிக்கொண்டார். அடுத்தது எங்கள் முறை.

ஜெசிந்தா முன்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில். வணக்கம் சொன்னாள்; சொன்னேன். நாங்கள் பதினான்கு பேர் என்றாள், சொன்னேன். பிறகு பஞ்சவர்ணத்தின் கதையைத் தொடங்கினாள். பஞ்சவர்ணம் முன் வரிசையில், ஐந்து மாத வயிற்றின் மேல் கையை வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தங்கை அத்தனை அழகாகச் சைகை செய்து நான் பார்த்ததில்லை. புருவமும் தோளும் சேர்ந்து பேசின. நிவேதாவின் புருவம். நிவேதாவின் தோள். அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறந்தேன். எங்கள் பெண்கள் எல்லாரும் கஷ்டப்பட்டவர்கள், சொந்தக் காலில் நிற்க விரும்புகிறார்கள், தையல் மெஷின் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள்... இதைத்தான் சொன்னேன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்கு, ஆபீசுக்கெல்லாம் போனா இவங்களுக்காகப் பேச ஆள் வேணாமா? நீங்க அதத்தான் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

கவனியுங்கள். கதவு திறந்தது. நான் சொல்ல வேண்டியதை அந்த அம்மாளே எடுத்துக் கொடுத்தார். என்ன கேட்கிறார் என்று ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் நான் இருக்கேனே, மேடம்" என்றேன்.

அவர் என்னை மரியாதையோடு பார்த்துச் சிரித்தார். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். தட்டும் கைகளைப் பார்த்த ஜெசிந்தா, தங்களுக்குத்தான் என்று நினைத்து என் கையைப் பிடித்து அழுத்தினாள். உன்னைப் பாராட்டுகிறார்கள் என்று சைகை செய்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டப்பட்டது. ஜெசிந்தா விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். காது கேளாத பெண்களுக்குத் தையல் மெஷின். திரும்பத் திரும்பப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாம் கேட்டதை அவர்கள் ஏற்கவில்லை, அவர்களாகவே மாற்றிவிட்டார்கள் என்றேன். நிவேதா நேராகவே கேட்டாள், கூட்டத்தில் சொன்னீர்கள்தானே என்று. சொன்னேன் அம்மா, அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். தலையசைத்தாள். நம்பினாளா? தெரியவில்லை. மறு மாதமே கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பேருந்து நிலையத்தில் ஜெசிந்தா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று எனக்கு நல்ல பசி.

பஞ்சவர்ணத்துக்கு வலி கண்டது ஒரு பள்ளி நாளில். புருஷன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைகள் தனியாக இருப்பதால் திரும்பிவிட்டாள். எனக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார்கள். பள்ளியில் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. போன் சத்தமில்லாமல் பையில் கிடந்தது. பள்ளி விட்டதும் பார்த்து, ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

பிள்ளை உயிரோடுதான் இருந்தது. எடை குறைவு என்று வேறு அறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு அது தெரியாது. பக்கத்தில் பிள்ளை இல்லை. இதுவும் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். நான்கு மணி நேரம்... உயிரோடிருந்த பிள்ளைக்காக நான்கு மணி நேரம் அழுதிருக்கிறாள்.

"நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன் டீச்சர்" என்றார் நர்ஸ். "அந்தப் பிள்ள தலையத் தலைய ஆட்டுச்சு. புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிள்ளை இருக்கிறது என்று ஜெசிந்தாதான் கைகளால் சொன்னாள். பஞ்சவர்ணம் நம்பவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் நம்பினாள். வெளியே வந்ததும் ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனோம். எங்கள் பங்குக் கோயிலில் ஃபாதருக்குச் சைகை தெரியாது. ஆகவே ஜெசிந்தாவின் பாவங்களும் என் வாய் வழியாகத்தான் போகும். அப்படி நடுவில் நிற்பவர் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. அது கண்டிப்பான விதி. அதையும் இப்போது உங்களிடம் மீறுகிறேன்.

அவள் மண்டியிட்டுக் கைகளால் சொன்னாள்: கூட்டத்தில் நாங்கள் கேட்டதை அக்கா சொல்லாமல் விட்டிருப்பாளோ என்று சந்தேகப்பட்டேன். எனக்காகவே வாழ்ந்தவளைச் சந்தேகப்பட்டேன். அது பாவம். மன்னிப்புக் கேட்கிறேன்.

ஃபாதர் என் பக்கம் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"யாரையோ சந்தேகப்பட்டுட்டாளாம், ஃபாதர்" என்றேன்.

"வீண் சந்தேகம் மனசக் கெடுத்துரும்னு சொல்லுங்க. நம்ம மேல பாசம் வச்சவங்கள நம்பணும்னு சொல்லுங்க" என்றார் அவர். அபராதமாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்.

அதை ஒரு சொல் குறைக்காமல் ஜெசிந்தாவுக்குச் சொன்னேன். ஆம், சொன்னேன்! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய், மாதா பீடத்தின் முன் முழந்தாளிட்டு, விரல்களால் அந்த மூன்று ஜெபங்களையும் சொல்லி முடித்தாள். செய்யாத குற்றத்துக்கு.

நீங்க வரலையா டீச்சர் என்று ஃபாதர் கேட்டார். அப்பறம் வாரேன் ஃபாதர் என்றேன். இன்னும் போகவில்லை.

நேற்று மாநகராட்சியிலிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டுக்கான முன்னுரிமைப் பட்டியலுக்குக் கூட்டமாம். ஜெசிந்தா கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். போன வருஷம் கேட்டதையே கேட்போம், இந்த முறை அவர்கள் கேட்கும்வரை விடாதே என்றாள். இதோ, நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் அன்றைக்கு உடுத்த வேண்டிய புடவைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். என்னுடையதையும் சேர்த்து.

இந்த முறை சரியாகச் சொல்லிவிடலாம். சொன்னால், போன முறை தையல் மெஷின்தானே கேட்டீர்கள் என்று அந்த அதிகாரி கேட்பார். ஜெசிந்தா என் முகத்தைப் பார்ப்பாள். அப்போது நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.