ஹெலினாவின் விரல்

என் தம்பி நார்மனின் மனைவி ஹெலினா ஊரார் விரலையெல்லாம் குத்துகிறவள். புனேயின் கேம்ப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளிக் குடியிருக்கிறாள். காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்றில் வேலை. டி.பி. வந்தவர்களின் வீடுகளுக்குப் போய், கூட இருப்பவர்களின் விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுப்பாள். சளியைக் கேட்டால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், ரத்தம் ஏமாற்றாது என்பது அவளுடைய தினசரிப் பிரசங்கம். கிருமி உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டால் உடம்பு அதோடு மல்லுக்கட்டுவது ரத்தத்தில் தெரியுமாம். யாருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் சொல்வாள். பெரிய மீசைக்காரர்கள்கூட நம்பி விரலை நீட்டுவார்கள்.

ஆனால் அவளுக்கு ஊசியைக் கண்டாலே உயிர் போய்விடும். இது குடும்பத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது நான் சொல்லிவிட்டேன், போகட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர்களும் தங்கள் ரத்தத்தைத் தாங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். போன மார்ச்சில் ஹெலினா என்ன செய்தாள் தெரியுமா? ஹிஞ்சேவாடி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நார்மனின் விரலைப் பிடித்தாள், குத்தினாள், குப்பியில் 'ஹெலினா' என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத என் தம்பி, விரலைச் சப்பிக்கொண்டே கம்பெனி வண்டியில் ஏறிப் போனான்.

மூன்றாம் நாள், 'ஹெலினா'வின் ரத்தத்தில் நோய்க்கான அடையாளம் இருப்பதாகச் சொல்லி மையத்தின் டாக்டர் ஸ்ரீவத்சன் அவளுக்கு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். சீட்டோடு நேராக நாத்தனாரான என்னிடம் வந்து நின்றாள்.

"மைனி, எக்ஸ்ரே எடுத்தா எனக்குச் சுத்தமாத்தான் வரும். ரத்தம் பார்க்கிற மெஷின் சில நேரம் தப்பாவும் காட்டும்னு விட்டுருவாங்க. எனக்கு வேலை போகாது."

"நார்மன்?"

சீட்டைக் கைக்குள் சுருட்டினாள். நார்மன் இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டே வந்தான். "சோத்தை நிறுத்திட்டுச் சோள பாக்ரி ரொட்டி போட்டேன், அதான் இளைச்சுட்டார்" என்று கோயில் வாசலில் பெருமையடித்தவள் இவள். சாயங்காலக் காய்ச்சலுக்கு வண்டியின் ஏசியைக் குற்றம் சொன்னவளும் இவள்தான். "எடை குறைஞ்சுதா? காய்ச்சல் இருக்கா?" என்று காகிதத்தை வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் கேட்கிறவள், கட்டின புருஷனைக் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு சாத்து சாத்தியிருப்பேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்சம் ஆறியதும் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தது நான்தான். "அவனை வேற டாக்டர்கிட்ட நைசாக் கூட்டிட்டுப் போ. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தாள். "அப்போ சரியாச் சொன்ன மெஷினைத் தப்புன்னு எழுதிருவாங்க மைனி. அதை நம்பி நாளைக்கு எந்த வீட்ல யாரை எக்ஸ்ரே எடுக்காம விடுவாங்களோ." முகத்தைக் கழுவிக்கொண்டு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளை எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

டாக்டர் கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்ததாம். ஒரு மாதம் வீடுகளுக்குப் போகக்கூடாது என்று தண்டனை. நார்மனுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல் ஓரத்தில் ஒரு திட்டு தெரிந்தது, சளியிலும் கிருமி உறுதியானது. நல்லவேளை, ஆரம்பம்தான், ஆறு மாதம் மாத்திரை போட்டால் போதும் என்றார்கள்.

பிறகு டாக்டர் ஹெலினாவின் பக்கம் திரும்பினார். டி.பி. வந்தவரோடு ஒரே வீட்டில் இருப்பவளாயிற்றே. "இப்போ உங்க விரல். என் கண் முன்னால."

முகக்கவசத்துக்குள்ளிருந்து நார்மன் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "எறும்பு கடிச்ச மாதிரிதான், ஹெலினா." அவள் போட்ட அலறலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவளுடைய ரத்தத்தில் ஒன்றுமில்லை.

இப்போது நார்மனுக்குச் சோறு திரும்ப வந்துவிட்டது. தினமும் காலையில் அவன் மாத்திரையை விழுங்கும்வரை எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் ஹெலினா வேலைக்குப் போகிறாள். வீடுகளில் எறும்புக் கதையை நிறுத்திவிட்டாள். "வலிக்கும்" என்கிறாள். யாராவது, என் பெண்டாட்டி விரலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நழுவப் பார்த்தால் மட்டும் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

"அவங்க விரல்லயும் எடுப்பேன். முதல்ல உங்க விரல்."