மாமனார் வண்டியின் பின்பிரேக்

பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிற வரைக்கும் மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஒருநாள் பிடிக்காமல் போனால் அவன் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பின்சக்கரத்து டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூ இருக்கும். மிதித்தால் அவை விரிந்து டிரம்மைப் பிடிக்க வேண்டும். தேயத் தேய இடைவெளி கூடும். அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் ராஜபாளையத்தில் என் பிழைப்பு.

கல்யாணமான புதிது

என் மாமனாருக்குச் சுந்தரபாண்டியத்தில் ஒரு பழைய பிக்கப். வாரம் முழுக்கக் காய்கறி ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை அத்தையை ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். மாப்பிள்ளை மெக்கானிக் என்ற பெருமையில், கல்யாணமான முதல் மாதமே வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

டிரம்மின் பின்பக்கத் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் பல் சக்கரத்தைத் தட்டித் தட்டி ஷூவை நெருக்க வேண்டும். சக்கரம் உரச ஆரம்பித்ததும் நாலைந்து பல் திரும்பத் தளர்த்த வேண்டும். புது மாமனார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பதற்றத்தில் தளர்த்துவதை மறந்துவிட்டேன். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொடுவதற்குள் பின்சக்கரம் இரண்டும் புகைந்து, ஒரு டீக்கடை முன்னால் அசையாமல் நின்றுவிட்டது. கடைக்காரர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மாமா கோபப்படவே இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மிதிச்சா நிக்கதுக்குப் பேருதான் பிரேக்கு, மாப்பிள்ளை. இது மிதிக்காமலே நிக்கி."

பத்து ரிவர்ஸ்

அதற்குப் பிறகு மாமா வண்டி என் பட்டறைப் பக்கம் வரவில்லை. எப்படியாவது நல்ல பேர் வாங்கி அதை வரவழைக்க வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் செட்டியார்பட்டி வேலுச்சாமி வந்து சேர்ந்தார். தேங்காய் லோடு அடிக்கிறவர். சில பிக்கப்புகளில் வண்டியைப் பின்னால் எடுத்து மிதித்தால்தான் ஷூ தானாக நெருங்கும். வேலையை முடித்து, வீட்டுக்குப் போய் ஒரு பத்து தடவை ரிவர்ஸ் எடுத்து மிதியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மனிதர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பின்னாலேயே போவதும், நிறுத்துவதும், ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணுவதுமாக இருந்திருக்கிறார். பார்த்தவர்கள் இது ஏதோ நேர்த்திக்கடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது: "பத்தும் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. பக்கத்து வீட்டு அக்கா கற்பூரத்தோட நிக்காவ, ஏத்தச் சொல்லவா வேண்டாமா?"

இந்தக் கதை எனக்கு முன்னால் சுந்தரபாண்டியம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தோணியின் பல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் அந்தோணி என் கூட்டாளி. எஞ்சினில் கெட்டிக்காரன். ஆனால் டிரம்மைக் கழற்றச் சொன்னால் முகம் வெளிறிவிடும். ஷூவை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் ஒருநாள் நழுவிப் பறந்து அவன் முன்பல்லில் ஒரு மூலையைக் கொண்டுபோய்விட்டது. எனக்கோ எஞ்சின் என்றால் உதறல். எங்கள் இரண்டு பேர் போர்டிலும் 'சகல வேலைகளும் செய்யப்படும்' என்றுதான் இருக்கும். அதனால் அவனுக்கு வரும் பிரேக்கை நான் போய்ப் பார்ப்பேன், எனக்கு வரும் எஞ்சினை அவன் வந்து பார்ப்பான். வெளியே மூச்சுவிடுவதில்லை.

பயப்படாதே, பழகினால் சரியாகிவிடும் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவன் பல்லைத் தடவிக்கொண்டே சொல்வான்: "எஞ்சின்ல எண்ணெய்தாம்லே தெறிக்கும். இது குறி பாத்து வருது."

கிறிஸ்துமஸ் கறிக்குழம்பு

மாமா தன் வண்டியைக் கொண்டுபோய் விட்டது அந்த அந்தோணியிடம்தான். காலையில் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போவார், மதியம் வந்து எடுப்பார். அந்த இடைவெளியில் நான் ராஜபாளையத்திலிருந்து பைக்கில் பறந்து போய் வேலையை முடித்துவிட்டு ஓடிவருவேன். எட்டு வருஷமாக இப்படி.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் இலை நிறையக் கறியைப் போட்டுவிட்டு மாமா அந்தோணியின் புகழைப் பாட ஆரம்பித்தார். மிதித்தால் வண்டி இடமோ வலமோ இழுக்காமல் நிற்கிறதாம், அத்தையின் மடியில் இருக்கும் வேதப்புத்தகம்கூட நழுவுவதில்லையாம். சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. உண்மையில் நெஞ்சே எரிந்தது. கை கழுவப் போன இடத்தில் என் மனைவி ஜெபா வழிமறித்தாள். விஷயம் தெரிந்தால் அப்பா அந்தப் பட்டறைக்கும் போக மாட்டார், தேய்ந்த பிரேக்கோடு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சுற்றுவார் என்றாள். அதுவும் நிஜம்தான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மாமா ஒரு நல்ல துண்டாகப் பார்த்து என் இலையில் வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "வருத்தப்படாதீக மாப்பிள்ளை. கைராசி எல்லாருக்குமா அமையுது?"

மறந்துபோன மூக்குக்கண்ணாடி

போன மாதம் மாமா வண்டியை விட்டுவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில், டேஷ்போர்டில் வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார். நான் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, டிரம்மைத் திறந்து, முகமெல்லாம் கரியோடு ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தோணி நாலு அடி தள்ளி, ஸ்பிரிங்குக்குப் பயந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தோணியைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். போச்சு, எட்டு வருஷ ரகசியமும் போச்சு, இனி அத்தையின் கதி என்ன என்று நினைத்துக்கொண்டே ஸ்பிரிங்கைக் கீழே வைத்தேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வயசு பாக்காம ஒங்ககிட்ட வந்து தொழில் படிக்காவ. நம்ம மாப்பிள்ளைதானேன்னு தாட்சண்யம் பாக்காம, செத்த கண்டிச்சே சொல்லிக் குடுங்க."

அன்றிலிருந்து ஒளிவுமறைவு எதுவும் இல்லாமல், மாமனார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, எனக்குத் தெரிந்த வேலையை அது தெரியாதவனிடம் பணிவாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.