கிராஃப் சார்

"ஐயா சாப்ட்டாச்சா?" என்றுதான் தொலைபேசியில் ஆரம்பிப்பார். கையிலுள்ள படிவத்தில் அச்சாகியிருப்பது வேறு: 'நோயாளி உயிருடன் உள்ளாரா?' அதை அப்படியே கேட்க இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு நா எழுந்ததில்லை. மறுமுனையில் "எங்க, ரெண்டு வாய்தான்" என்று அலுத்துக்கொண்டால் ஆள் இருக்கிறார். ஒன்றும் வராவிட்டால், "மன்னிச்சிடுங்கம்மா" என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பதிவுப் பிரிவில் மூத்த எழுத்தர் அவர். அறுபது தாண்டியவர்களின் சிறுநீர்ப்பை, சிறுநீரகம், புராஸ்டேட் மூன்றும் அவர் பொறுப்பு. கம்ப்யூட்டர் என்னதான் படம் போட்டுத் தந்தாலும், கட்டம் போட்ட தாளில் தன் கையால் கோடு இழுத்துப் பார்த்தால்தான் திருப்தி. அதனால் எல்லாருக்கும் அவர் கிராஃப் சார். எழுபது வயது ஆண்களின் கோடு சில வருஷங்களாகவே ஏறுமுகம். "ஜனங்க ரொம்ப நாள் இருக்காங்க, டெஸ்ட்டும் நிறைய எடுக்கறாங்க. அதனாலயும் ஏறும், பயந்துடாதீங்க" என்று டீ கொண்டுவருபவரையும் விடமாட்டார். லிஃப்டில் வயசானவர் யாராவது நெளிந்தால் போதும், "ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் கித்தம் உண்டா?" என்பார். இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இந்தக் கேள்வி போன வருஷம் தொற்றிய பழக்கம். அதற்கு முந்தைய வருஷம், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "சிவப்பா போச்சுடா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சூடா இருக்கும்ணே. தண்ணி நிறைய குடி."

ஊரார் வீட்டு ரத்தமெல்லாம் தெரிந்த மனிதர்! அண்ணனும், தம்பிக்குத் தெரியாததா என்று பதினான்கு மாதம் தண்ணீர் குடித்தார். அதற்குள் நோய் சிறுநீர்ப்பையைத் தாண்டிவிட்டது.

அண்ணனின் படிவம் இந்த மாதம் இவர் கூப்பிட வேண்டிய படிவக் கட்டிலேயே வந்து சேர்ந்தது. ஒன்பது நாள் அதை அடியில் தள்ளித் தள்ளி வைத்தார். பத்தாம் நாள் அது மட்டும்தான் மிச்சம்.

"சாப்ட்டாச்சாண்ணே?"

"ஆச்சு. என்னடா, ஆஃபீஸ் நம்பர்லேர்ந்து கூப்பிடற?"

"ஃபாரம் ஒண்ணு எழுதணும்ணே."

"அதுக்கென்ன, கேளு."

மளமளவென்று கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். ரத்தம் கண்டதும் முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்பது அந்த வரி. அதையும் படித்தார்.

அண்ணன், "யார்கிட்டயும் சொல்லலைன்னு போட்டுக்கோ. வெக்கப்பட்டுச் சொல்லலைன்னு போடு" என்றார்.

"அண்ணே..."

"சொன்னதைப் போடுறா. ஒரு நாள் வந்து உக்காந்துட்டுப் போ."

தொலைபேசியை வைத்தபோது அவருக்கு அவமானமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரிக்கு நேரே 'தம்பியிடம்' என்று எழுதினார். எழுதியதன் மேலேயே, அழுத்தி, இன்னொரு முறை எழுதினார்.